வாரைப் பூட்டினால்தான் கவசம்: தலைக்கவசம் பற்றி வாசகர்கள் கேட்டவை

இருசக்கர வாகனப் பாதுகாப்பு பற்றிக் கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தலைக்கவசத்தைப் பற்றியவையாகவே இருந்தன. பலருக்கும் பொதுவாக எழக்கூடிய ஐயங்களைத் தேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

நான் பணி ஓய்வு பெற்றவன். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டுமே ஸ்கூட்டரில் போய் வருகிறேன். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுவதே இல்லை. எனக்கும் தலைக்கவசம் தேவையா?
— வாசகர், கும்பகோணம்

தேவைதான் ஐயா. வண்டியின் வேகம் குறைவாக இருந்தால் தலைக்கு வரும் ஆபத்தும் குறைந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் தலை தரையில் மோதும் வேகத்தில் பெரும்பங்கு, நாம் விழும் உயரத்திலிருந்து வருகிறது. ஸ்கூட்டரில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். திருப்பத்தில் கிடக்கும் மணலில் முன்சக்கரம் வழுக்கி, ஊர்ந்துகொண்டிருந்த வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால்கூட, தலை தரையைத் தொடும்போது புவியீர்ப்பால் மட்டுமே அதன் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டரை எட்டிவிடும்.

அந்த வேகத்தில் வரும் தலை, தார்ச்சாலையில் மோதி 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தலைக்கு ஏற்படும் அதிர்ச்சி, புவியீர்ப்பைப் போல் 700 மடங்குக்கும் மேற்பட்டதாக இருக்கும். அதே தலை 20 மில்லிமீட்டர் தூரத்தில் சற்று மெதுவாக நின்றால், அந்த அதிர்ச்சி 70 மடங்கு அளவுக்குக் குறைந்துவிடும். தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கிக் கொடுப்பது அந்தச் சில மில்லிமீட்டர் தூரத்தைத்தான். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஈ.சி.ஈ. 22 தரவிதி, சோதனை மோதலின்போது கவசத்துக்குள் இருக்கும் மாதிரித் தலைக்கு ஏற்படும் அதிர்ச்சி 275 மடங்கைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருப்பதோடு ஒப்பிட்டால், வெறுந்தலையுடன் விழுவது எத்தகையது என்பது விளங்கும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கோயிலுக்குத் தங்கள் துணைவியாரும் உடன் வருவார் என்றால், தயவுசெய்து இரண்டு தலைக்கவசங்களாக வாங்குங்கள்.

சாலையோரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் 300 ரூபாய்க்குத் தலைக்கவசம் கிடைக்கிறது. கடையில் அதே முத்திரையுள்ள ஒன்றுக்கு 1,200 ரூபாயும் வேறொன்றுக்கு 4,000 ரூபாயும் சொல்கிறார்கள். விலைக்கேற்பப் பாதுகாப்பும் கூடுமா?
— கல்லூரி மாணவர், கோவில்பட்டி

தம்பி, முதலில் அந்த 300 ரூபாய்க் கவசத்தைப் பார்த்துவிடுவோம். முத்திரை என்று நீங்கள் காண்பது ஓர் ஒட்டுத்தாள். அதை எந்த அச்சகத்திலும் அடித்துவிடலாம். உண்மையான முத்திரையில், மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், நடுவில் ஐ.எஸ்.ஐ. சின்னமும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியைக் கைப்பேசியில் நிறுவி, உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணை உள்ளிட்டால், உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும், எந்தப் பொருளுக்கு உரிமம் தரப்பட்டது என்பதும், அது இப்போது செல்லுபடியாகிறதா என்பதும் தெரிந்துவிடும். கடைவாசலில் நின்றபடியே இதைச் செய்துவிடலாம். 2021 ஜூன் 1 முதல், இந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசங்களைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளன.

செயலி கையில் இல்லாவிட்டால் கையே போதும். உட்புறத் துணியின் விளிம்பைச் சற்று விலக்கிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு விரல் அகலத்துக்குக் கெட்டியான தெர்மாகோல் அடுக்கு ஒன்று உச்சி முதல் காதோரப் பொட்டு வரை தொடர்ந்து இருக்க வேண்டும். மலிவான கவசங்களில் அந்த அடுக்கே இருப்பதில்லை. மெல்லிய ஸ்பாஞ்சை பிளாஸ்டிக் ஓட்டின் மேல் நேரடியாக ஒட்டி, அதன் மேல் துணியைப் போர்த்தியிருப்பார்கள். ஸ்பாஞ்சு விரலால் அழுத்தினாலே ஓடு வரை அமுங்கிவிடும். தலையின் எடையை அது தாங்கப்போவதில்லை. அதேபோல் முகத் திறப்பின் இரு பக்கங்களையும் உள்ளங்கைகளால் அழுத்திப் பாருங்கள். ஓடு வளைந்து நெளிந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவின் 'டாட்' முத்திரை ஒட்டியிருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். அந்த நாட்டிலேயே அது தயாரிப்பாளர் தாமாகச் சான்றளித்து ஒட்டிக்கொள்ளும் முத்திரை. நம் ஊர் நடைபாதையில் அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

இனி 1,200க்கும் 4,000க்கும் உள்ள வேறுபாடு. உண்மையான முத்திரை பெற்ற எல்லாக் கவசங்களும் ஒரே தரவிதிச் சோதனைகளைக் கடந்தவை. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இலேசான ஃபைபர் ஓடு, நல்ல காற்றுத் துளைகள், கழற்றித் துவைக்கக்கூடிய உள்மெத்தை, கீறல் விழாத முகக் கண்ணாடி ஆகியவற்றுக்கும், ஒரு பகுதி வண்ணப் படங்களுக்கும் போகிறது. நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இந்த வசதிகள் மிகவும் பயன்படும். கல்லூரிக்குப் போய்வரும் உங்களுக்கு, தலையோடு சரியாகப் பொருந்தும் 1,200 ரூபாய்க் கவசம், பொருந்தாத 4,000 ரூபாய்க் கவசத்தைவிடப் பல மடங்கு மேலானது.

தலைக்கவசத்தின் அளவை எப்படிப் பார்த்து வாங்குவது? என்னுடையது வேகமாகப் போகும்போது மேலெழும்புகிறது; தலையைத் திருப்பினால் கண்ணாடி மூக்குக்கு நேராக இருப்பதில்லை.
— வாசகர், ஈரோடு

வந்த கேள்விகளில் இதுவே மிக முக்கியமானது என்று கருதுகிறோம். செருப்பு வாங்கும்போது கடையில் நான்கு அடி நடந்து பார்க்கும் நாம், தலைக்கவசத்தை மட்டும் கையில் எடுத்து நிறம் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடுகிறோம். எளிதாக மாட்டிக் கழற்ற வருகிறது என்பதற்காகவே ஓர் அளவு பெரியதைத் தேர்பவர்கள் ஏராளம். விபத்திலும் அது அதே எளிமையுடன் கழன்றுவிடும்.

முதலில் தலையை அளந்துகொள்ளுங்கள். தையற்காரர் பயன்படுத்தும் இஞ்சு டேப்பை, புருவத்துக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தைச் சுற்றி எடுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு கயிற்றைச் சுற்றி, பிறகு அதை அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். பல நிறுவனங்களின் அட்டவணையில் 58 செ.மீ. என்பது நடுத்தர அளவு, 60 செ.மீ. என்பது பெரிய அளவு. கவசத்தின் உட்புறச் சீட்டில் இதையே 580, 600 என்று மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறுவதால், அந்த எண்ணைத் தொடக்கமாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததாக அணிந்து பாருங்கள். இரண்டு வார்களையும் வெளிப்புறமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே செலுத்துங்கள். புதிய கவசம் காதுகளை உரசிக்கொண்டு, சற்றுச் சிரமப்பட்டே இறங்க வேண்டும். இறங்கிய பின் அதன் முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் சாய்ந்திருக்கக் கூடாது. கன்ன மெத்தைகள் கன்னத்தை உள்ளே தள்ளுவது போல் இருக்கும். பேசும்போது கன்னத்தைக் கடித்துவிடுவோமோ என்று தோன்றும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சில வாரங்களில் அந்த மெத்தைகள் உங்கள் முகத்துக்கு ஏற்பப் படிந்து தளர்ந்துவிடும். கடையிலேயே தளர்வாக இருக்கும் கவசம் ஒரு மாதத்தில் ஆடத் தொடங்கிவிடும்.

இப்போது கவசத்தை இரு கைகளாலும் பற்றி இடமும் வலமுமாகத் திருப்புங்கள். பிறகு மேலும் கீழுமாக அசையுங்கள். நெற்றித் தோலும் கன்னத் தோலும் கவசத்தோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் அப்படியே நிற்க, கவசம் மட்டும் வழுக்கினால் ஓர் அளவு சிறியதைக் கேளுங்கள். அடுத்த சோதனையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. வாரைப் பூட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, பின்கழுத்துப் பக்கத்து விளிம்பில் கைகொடுத்து அதை மேல்நோக்கி, முன்பக்கமாக உருட்டிப் பாருங்கள். கவசம் முகத்தின் வழியாகக் கழன்று வந்துவிட்டால், அது எத்தனை விலையுயர்ந்ததாக இருந்தாலும் உங்களுக்கு உரியதாகாது.

கடைசியாக, அணிந்தபடியே கடையில் 10 நிமிடமாவது இருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள். நெற்றி முழுவதும் சீராகச் சிவந்திருந்தால் நல்லது. நடுநெற்றியில் மட்டும் வட்டமாகச் சிவந்து வலித்தால், உங்கள் தலை நீள்வாட்டமானது, கவசமோ உருண்டை வடிவினது என்று பொருள். அளவைக் கூட்டுவதால் அது சரியாகாது. வேறு நிறுவனத்தின் கவசத்தை அணிந்து பார்க்க வேண்டும். தங்களுடைய இப்போதைய கவசம் மேலெழும்புகிறது என்று எழுதியிருப்பதால், அது தங்களுக்குப் பெரியது என்பதில் ஐயமில்லை. சில நிறுவனங்கள் தடிமனான கன்ன மெத்தைகளைத் தனியாக விற்கின்றன. கன்னப் பகுதி மட்டுமே தளர்வென்றால் அவற்றை மாற்றிப் பார்க்கலாம். உச்சியும் ஆடுகிறதென்றால் புதிதாக வாங்குவதே வழி.

நீளமான கூந்தலைக் கொண்டையாகப் போட்டு, பூவும் வைத்துக்கொள்வேன். முழுக்கவசம் தலையில் இறங்குவதே இல்லை. காதுக்கு மேலே நின்றுவிடும் சிறிய கவசத்தையே அணிகிறேன். இது போதாதா?
— ஆசிரியை, திண்டுக்கல்

போதாது அம்மா. காதுக்கு மேலே நின்றுவிடும் அந்தத் தொப்பிக் கவசம் பொட்டையும் பிடரியையும் திறந்தே விட்டுவிடுகிறது. பக்கவாட்டில் விழும்போது முதலில் அடிபடக்கூடிய இடம் பொட்டு. முகம் முழுவதையும் மூடும் கவசமே எல்லாவற்றிலும் சிறந்தது, ஏனெனில் முன்னால் தூக்கியெறியப்படுபவரின் தாடையும் வாயும் அதில்தான் காக்கப்படுகின்றன. அதில் மூச்சு முட்டுவதாகத் தோன்றினால், முன்பகுதியைத் தாடையோடு சேர்த்து மேலே தூக்கக்கூடிய வகை உண்டு. வண்டி ஓடும்போது அதைத் தாழ்த்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் இயலாவிட்டால், காதுகளையும் பின்மண்டையையும் மூடும் முகம் திறந்த கவசத்துக்குக் கீழே மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

கொண்டையின் மேல் எந்தக் கவசமும் சரியாக உட்காராது. கொண்டை இருக்கும் உயரத்துக்குக் கவசம் மேலெழுந்து நிற்கும், முன்விளிம்பு கண்ணை மறைக்கும், இல்லையேல் நெற்றி திறந்துவிடும். பின்கழுத்துக்குக் கீழே தொடங்குமாறு தளர்வாகப் பின்னிக்கொண்டு, கவசத்தை அணிந்து, ஜடையை வெளியே விட்டுவிடுங்கள். பூச்சரத்தையும் ஹேர்ப்பின், கிளிப் போன்றவற்றையும் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனதும் சூடிக்கொள்ளலாம். உலோகக் கிளிப் கவசத்துக்கும் மண்டைக்கும் இடையில் இருப்பது பாதுகாப்பானதல்ல. காதில் பெரிய ஜிமிக்கி அணிந்திருந்தால் அதையும் கழற்றிவிடுவது நல்லது. கவசத்தைக் கழற்றும்போது மடல் கிழிய வாய்ப்புண்டு. ஜடையைப் புடவைத் தலைப்போடு சேர்த்துச் செருகிக்கொள்ளவும் மறக்க வேண்டாம், பின்சக்கரம் அருகிலேயே இருக்கிறது.

என் கணவர் தலைக்கவசம் அணிகிறார்; ஆனால் வாரைப் பூட்டுவதே இல்லை. "போலீஸுக்கு இது போதும்" என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?
— வாசகி, திருநெல்வேலி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், ஓட்டுபவரானாலும் உடன் செல்பவரானாலும், தரநிர்ணயத்துக்கு உட்பட்ட தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அதே பிரிவின் விளக்கத்தில், கவசம் அதற்குரிய வாரால் அணிபவரின் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வாரைப் பூட்டாதவர் சட்டப்படி தலைக்கவசம் அணியாதவரே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இதற்கு 1,000 ரூபாய் அபராதமும், ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைப்பதும் தண்டனை.

அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். விபத்தில் ஒரு மோதலோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. முதலில் காரின் மீதோ தடுப்புக் கம்பியின் மீதோ உடல் மோதும். பிறகு சாலையில் விழும். சில நேரம் அதற்குப் பிறகும் உருண்டு நடைபாதை விளிம்பில் மோதும். பூட்டாத கவசம் முதல் மோதலிலேயே பறந்துவிடும். அடுத்த இரண்டையும் வெறுந்தலை வாங்கிக்கொள்ள நேரிடும்.

பூட்டும் முறையும் எளிதுதான். வாருக்கும் தாடையின் அடிப்பகுதிக்கும் நடுவே இரண்டு விரல்கள் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்க வேண்டும். அழுத்தினால் விடுபடும் பிளாஸ்டிக் லாக் உள்ள கவசங்களில், நாள்பட நாள்பட வார் வழுக்கித் தளர்ந்துவிடுவதால், அவ்வப்போது நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். இரட்டை வளையத்தில் வாரைக் கோத்து இறுக்கும் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகவே இறுக்குகிறோம். லாக் உடைந்துவிட்டால் வாரை முடிச்சுப் போட்டுக்கொள்வதை ஊரெங்கும் பார்க்கிறோம். அந்த முடிச்சு ஓர் உலுக்கலுக்குக்கூடத் தாங்காது. தங்கள் கணவரிடம் சட்டத்தைச் சொல்வதைவிட, பூட்டாத கவசத்தைப் பின்னாலிருந்து ஒரு விரலால் தள்ளிக் காட்டுங்கள்.

எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண்ணும் ஏழு வயதில் ஒரு பையனும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு என்ன விதி?
— வாசகர், ஓசூர்

பையனுக்குப் பெரியவர்களுக்கு உள்ள அதே விதிதான், அவனுடைய தலை அளவுக்குரிய கவசம் கட்டாயம். அப்பாவின் பழைய கவசத்தை உள்ளே துணி வைத்து மாட்டிவிடுவது தவறு. அது அவன் கண்ணை மறைக்கும், கழுத்துக்கும் சுமையாகும்.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கென 2022இல் வெளியான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்கு ஏற்ற தலைக்கவசமும் வேண்டும். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பட்டை, உடையைப் போல் குழந்தையின் உடலில் மாட்டி, தோளின் வழியே வரும் வார்களால் ஓட்டுபவரின் உடலோடு பிணைக்கப்படுவது. குழந்தையைத் துப்பட்டாவால் இடுப்பில் கட்டிக்கொள்வது அதற்கு ஈடாகாது.

விதியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கூட்டரின் முன்பலகையில் குழந்தையை நிற்க வைத்து ஓட்டுவதை எல்லா ஊர்களிலும் காண்கிறோம். திடீரென்று பிரேக் பிடித்தால் அந்தக் குழந்தையின் முகமும் நெஞ்சும் ஹேண்டில்பாரில் மோதும். பின்னாலிருந்து பெரியவரின் உடலும் அதை நெருக்கும். ஓசூர் போன்று நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே செல்லும் இடத்தில், மூன்று வயதுப் பெண்ணை இயன்றவரை பேருந்திலோ ஆட்டோவிலோ அழைத்துச் செல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

உணவு விநியோக வேலை செய்கிறேன். நாள் முழுவதும் கவசம் தலையிலேயே இருப்பதால் வியர்வை நாற்றமும் அரிப்பும் தாங்க முடியவில்லை. ஒரு முறை மாடியிலிருந்து கீழே விழுந்தும்விட்டது. வெளியே கீறல் மட்டும்தான். மாற்ற வேண்டுமா?
— இளைஞர், சென்னை

மாடியிலிருந்து விழுந்ததென்றால் மாற்றிவிடுங்கள் தம்பி. டி.வி. பெட்டியில் வரும் தெர்மாகோலை ஒரு முறை அமுக்கினால் அந்தக் குழி மறுபடி எழுவதில்லை அல்லவா, கவசத்தின் உள்ளடுக்கும் அப்படித்தான். வெளி ஓடு நிமிர்ந்துகொண்டு ஒன்றும் நடக்காதது போல் காட்டும். உள்ளே நசுங்கிய இடம் நசுங்கியபடியே இருக்கும். இடுப்பு உயரத்திலிருந்து காலிக் கவசம் ஒரு முறை தவறி விழுவதால் பெரும்பாலும் கேடு வராது. ஆனால் தலை உள்ளே இருக்கும்போது ஒரு முறை மோதிய கவசத்தை, எவ்வளவு புதியதானாலும், மறுபடி அணியக் கூடாது. விபத்தே நேராவிட்டாலும், வியர்வையும் வெயிலும் பசையையும் மெத்தையையும் தளர்த்திவிடுவதால், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுமாறு ஸ்னெல் அறக்கட்டளை போன்ற தரச் சோதனை அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. உங்களைப் போல் நாள் முழுவதும் அணிபவர்களுக்கு அதற்கும் முன்னதாகவே மெத்தை தளர்ந்துவிடும்.

அடுத்த முறை, உள்மெத்தையைக் கழற்றித் துவைக்கக்கூடிய வகையையே கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு முறை மிதமான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் நாற்றமும் அரிப்பும் வெகுவாகக் குறையும். கவசத்தின் அடியில் மெல்லிய பருத்திக் குல்லாய் அணிந்து அதை அன்றாடம் மாற்றிக்கொள்ளலாம். தடித்த துண்டைச் சுற்றிக்கொண்டால் பொருத்தம் கெட்டுவிடும். எண்ணெய்க் கறையைப் போக்கப் பெட்ரோலையோ தின்னரையோ ஓட்டின் மேல் ஊற்றித் துடைக்காதீர்கள். அவை பிளாஸ்டிக்கை உள்ளூர விரிசல் விடச் செய்துவிடும். சைடு மிரரில் கவசத்தைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், கண்ணாடியின் முனை உள்ளடுக்கில் குழி விழச் செய்கிறது.

கவசத்தின் எடையால் விபத்தில் கழுத்து முறியும், பின்னால் வரும் ஹாரன் கேட்காது, பக்கத்தில் வருவது தெரியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆதாரத்தோடு விளக்க முடியுமா?
— வாசகர், மதுரை

முடியும். 1935இல் இங்கிலாந்தில் டி.ஈ. லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற ராணுவ அதிகாரி மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, சில நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், அதன் பிறகு மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுசெல்லும் ராணுவ வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். கவசம் அணிந்திருந்தவர்களின் காயங்கள் இலேசாக இருந்ததை அவர் கண்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் அவ்வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

கழுத்தைப் பற்றிய ஐயத்துக்கு 1981இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை நேரடியாகவே பதில் தருகிறது. ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. கவசம் அணிந்தவர்களுக்குத் தலைக்காயமும் கழுத்துக் காயமும் குறைவாகவே இருந்தன. கவசத்தால் பார்வையோ கேட்கும் திறனோ குறைந்து விபத்து நேர்ந்ததற்கும் சான்று கிடைக்கவில்லை. 2008இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 61 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கூறியது.

ஹாரன் பற்றி ஒரு சொல். வேகத்தில் செல்லும்போது வெறுங்காதில் காற்றின் இரைச்சலே ஓங்கியிருக்கும். கவசம் ஹாரன் ஒலியைச் சற்றுக் குறைப்பது உண்மைதான். அந்த இரைச்சலையும் சேர்த்தே குறைப்பதால் ஹாரன் தனித்துக் கேட்கிறது. உள்ளே கைப்பேசியைச் செருகிப் பேசிக்கொண்டு போவதுதான் காதை உண்மையில் அடைக்கிறது.

இரவில் கறுப்புக் கண்ணாடி உள்ள கவசத்தை அணியலாமா?
— வாசகர், நாகர்கோவில்

கூடாது. பகலுக்கு மட்டும் அது. இரவுக்கும் மழைக்கும் நிறமற்ற கண்ணாடியே வேண்டும். கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர்வரும் விளக்கொளி சிதறிப் பாதையை மறைத்துவிடும். தனியாகக் கிடைக்கும் கண்ணாடியை வாங்கி மாற்றிவிடுங்கள்.

விபத்தில் சிக்கியவரின் தலைக்கவசத்தை உடனே கழற்ற வேண்டுமா? உதவப் போனால் வழக்கு வருமோ என்ற அச்சமும் இருக்கிறது.
— வாசகி, விழுப்புரம்

நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது உரிமையியல், குற்றவியல் வழக்கு எதுவும் தொடரக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே அச்சமின்றி உதவுங்கள். முதலில் 108க்கு அழைத்து, இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். பின்னால் வரும் வாகனங்களை ஒருவர் நிறுத்தட்டும்.

அடிபட்டவர் மூச்சு விடுகிறார் என்றால், கவசத்தைக் கழற்ற வேண்டாம். முகக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி, அசையாமல் படுத்திருக்கச் சொல்லி, தலையை இரு பக்கமும் கைகளால் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்தெலும்பில் முறிவு இருந்தால், அவசரமாக இழுத்துக் கழற்றுவதே கைகால்களைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். கூட்டத்தில் எவரேனும் எழுப்பி உட்கார வைக்கவும் தண்ணீர் கொடுக்கவும் முனைவார்கள், இரண்டையும் தடுத்துவிடுங்கள்.

மூச்சு நின்றிருந்தாலோ, வாந்தியும் இரத்தமும் வாயை அடைத்து, கவசம் இருக்கும்போது அதைச் சீர்செய்ய இயலாவிட்டாலோதான் கழற்ற வேண்டும். அதற்கு இருவர் தேவை. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டுக் கவசத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் வாரை விடுவித்து, ஒரு கையால் தாடையையும் மற்றொரு கையைப் பின்கழுத்துக்கு அடியில் கொடுத்துத் தலையையும் தாங்க வேண்டும். பிறகு முதலாமவர் கவசத்தின் இரு பக்கங்களையும் வெளிப்புறமாக விரித்து, மூக்கில் தட்டாதபடி சற்றே சாய்த்து, மெதுவாக உருவ வேண்டும். உருவி முடித்த பின்னும் தலையைத் தாங்கிய கைகளை எடுத்துவிடக் கூடாது.

கழற்றிய கவசத்தைச் சாலையோரம் விட்டுவிடாமல், ஆம்புலன்ஸில் நோயாளியோடு அனுப்பிவையுங்கள். அதன் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு, தலையின் எந்தப் பகுதி அடி வாங்கியது என்பதை மருத்துவர் ஊகிக்க முடியும்.